மழையின் எண்கள்: கிள்ளான் பள்ளத்தாக்கில் வானிலை மாதிரித் தரவைக் கையாளும் தொழில்

வானிலை மாதிரி என்பது காற்று, வெப்பம், ஈரப்பதம், அழுத்தம் ஆகியவற்றின் போக்கை இயற்பியல் சமன்பாடுகளாக எழுதி, அவற்றைக் கணினியில் படிப்படியாகத் தீர்த்து, வரும் மணிகளிலும் நாள்களிலும் வளிமண்டலம் எந்நிலையில் இருக்கும் என்று கணக்கிடும் முறையாகும். அது விடையாகத் தருபவை எண்கள் மட்டுமே. அவற்றுள் தேவையானதைத் தேடி எடுத்து, ஓர் ஊரின் அளவுக்கு வெட்டி, அலகையும் நேரத்தையும் சரிபார்த்து, கான்கிரீட் ஊற்றக் காத்திருக்கும் கட்டுமானத் தளத்துக்கும், வடிகால் மதகுகளைக் கவனிக்கும் பொறியாளருக்கும், தீபாவளிச் சந்தையில் கூடாரம் போட்டிருக்கும் வணிகருக்கும் பயன்படும் சொற்களாக மாற்றிக் கொடுப்பது தனியொரு தொழில். கோலாலம்பூரிலும் அதைச் சூழ்ந்த கிள்ளான் பள்ளத்தாக்கிலும் அத்தொழில் எப்படி நடக்கிறது, அது கற்றுத்தரும் பாடங்கள் எவை, அங்கு இன்னும் குறையாக நிற்பது எது என்பவற்றை இக்கட்டுரை அனுபவத்தின் வழிநின்று விவரிக்கிறது.

இப்பள்ளத்தாக்கில் பெய்யும் மழை ஒரே வகையானது அன்று. மேற்கே மலாக்கா நீரிணையும் கிழக்கே தித்திவாங்சா மலைத்தொடரும் இருக்க, பகலில் நிலம் சூடேறும்போது கடற்காற்று கிள்ளான், ஷா ஆலாம், சுபாங் வழியாக உள்ளே நகர்ந்து, மலையடிவாரத்தை நெருங்கும் வேளையில் மேலெழுந்து, பிற்பகலில் இடிமேகங்களாகத் திரள்கிறது. ஏப்ரல், மே மாதங்களிலும் அக்டோபர், நவம்பர் மாதங்களிலும் வரும் பருவமாற்றக் காலத்தில் இம்மழை பெரும்பாலான மாலைகளில் நகரின் ஏதாவதொரு பகுதியை நனைத்துவிடுகிறது. தென்மேற்குப் பருவக்காற்று வீசும் மாதங்களில், சுமத்ரா பக்கம் உருவாகி நீரிணையைக் கடந்து விடியற்காலையிலோ காலையிலோ கரையேறும் நீண்ட மேகவரிசைகள் பலத்த காற்றோடு மழையைக் கொண்டுவருகின்றன. இவற்றைச் ‘சுமத்ரா சூறைக்காற்று’ என்று வழங்குவர். வடகிழக்குப் பருவமழை முதன்மையாகக் கிழக்குக் கரைக்கு உரியது என்றாலும், தென்சீனக் கடலில் உருவாகும் பெரிய காற்றுச் சுழல் தீபகற்பத்தைக் குறுக்கே கடக்கும்போது, அரிதாக இப்பள்ளத்தாக்கையும் மூழ்கடித்துவிடுகிறது. பிற்பகல் இடிமழைக்கு மிக நுண்ணிய மாதிரியும் மணிக்கணக்கு முன்னறிவிப்பும் தேவை. கடல்கடந்து வரும் சுழலுக்குப் பரந்த பரப்பை உள்ளடக்கிய மாதிரியும் பல நாள் முன்னறிவிப்பும் போதும். எந்த மழைக்கு எந்தத் தரவு என்ற தெளிவு இல்லாதவருக்கு எத்தனை எண்கள் கிடைத்தாலும் பயனில்லை.

மாதிரி, பூமியின் பரப்பைச் சம இடைவெளிப் புள்ளிகளாகப் பிரித்துக்கொண்டு, கோலத்துக்கு வைத்த புள்ளிகளைப் போன்ற அந்த இடங்களில் மட்டும் விடை காண்கிறது. புள்ளிகளுக்கு இடையிலுள்ள தூரமே மாதிரியின் நுணுக்கம். அமெரிக்காவின் உலகளாவிய மாதிரியான ஜி.எஃப்.எஸ். தன் விடைகளை 0.25 பாகை இடைவெளியில் வெளியிடுகிறது. நிலநடுக்கோட்டை ஒட்டிய மலேசியாவில் இது ஏறத்தாழ 28 கிலோமீட்டர். கோலாலம்பூர் கூட்டரசுப் பிரதேசத்தின் பரப்பு 243 சதுரக் கிலோமீட்டர். இம்மாதிரியின் ஒரு கட்டமோ ஏறக்குறைய 780 சதுரக் கிலோமீட்டர். தலைநகர் முழுவதும் ஒரே கட்டத்துக்குள் மூன்று முறை அடங்கிவிடும்.

இதன் விளைவைக் கோலாலம்பூரின் பிரிக்பீல்ட்ஸ் வட்டாரத்தை எடுத்துக்கொண்டால் நேரில் காணலாம். அவ்வட்டாரம் வட அட்சம் 3.13 பாகையில், கிழக்குத் தீர்க்கம் 101.69 பாகையை ஒட்டி இருக்கிறது. மாதிரியின் புள்ளிவரிசைகள் 3.00 பாகையிலும் 3.25 பாகையிலும் ஓடுகின்றன; இரண்டுக்கும் நடுக்கோடு 3.125. ஆகவே பிரிக்பீல்ட்ஸ் ஏறக்குறைய நடுக்கோட்டின்மேலேயே அமைந்துவிடுகிறது. மிக அருகிலுள்ள புள்ளியின் மதிப்பை எடுத்துத் தருமாறு கணினி நிரலுக்குக் கட்டளையிட்டால், அங்குள்ள ஜாலான் துன் சம்பந்தனின் ஒரு முனைக்குக் காஜாங்கை ஒட்டிய சமவெளிப் புள்ளியும், சில நூறு மீட்டர் வடக்கே இன்னொரு முனைக்குக் கிள்ளான் கேட்ஸ் அணைக்கட்டை ஒட்டிய மலைப்புள்ளியும் விடையாக வரக்கூடும். கிள்ளான் நகருக்கு மிக அருகிலுள்ள புள்ளி கோத்தா கெமுனிங் பக்கம் விழுகிறது. அதற்கு அடுத்த மேற்குப் புள்ளி கெத்தாம் தீவை ஒட்டி, பெரும்பகுதி கடலாக இருக்கும் கட்டத்தில் அமைகிறது. இரு புள்ளிகளுக்கு இடையில் சராசரி கண்டு கிள்ளானுக்கு ஒரு வெப்பநிலையைக் கணக்கிட்டால், பகலிலும் இரவிலும் பெரிதாக மாறாத கடலின் வெப்பம் அதில் கலந்துவிடுகிறது. நண்பகல் வெயில் குறைத்துக் காட்டப்படுகிறது. எனவே புள்ளியைத் தேர்ந்தெடுக்கும் முன், அது நிலமா கடலா என்று காட்டும் மறைப்புத் தளத்தையும், அப்புள்ளிக்கு மாதிரி வைத்திருக்கும் உயரத்தையும் பார்த்துவிடுவது இத்தொழிலில் முதல் பழக்கமாக அமைய வேண்டும்.

தரவைப் பெறும் வேலை கடிகாரத்தோடு கட்டுண்டது. ஜி.எஃப்.எஸ். நாளொன்றுக்கு நான்கு முறை ஓடுகிறது. உலகப் பொது நேரப்படி 0, 6, 12, 18 மணி, அதாவது மலேசிய நேரப்படி காலை 8, பிற்பகல் 2, இரவு 8, பின்னிரவு 2. அவதானிப்புகளைத் திரட்டிக் கணக்கிட்டு முடிக்கச் சில மணி நேரம் ஆவதால், காலை 8 மணி ஓட்டத்தின் கோப்புகள் நண்பகல் அளவில்தான் கைக்கு வருகின்றன; அதற்குள் அன்றைய இடிமேகங்கள் திரளத் தொடங்கியிருக்கும். ஆகையால் மாலை மழையைக் குறித்துக் காலையிலேயே சொல்ல வேண்டியவர், பின்னிரவு 2 மணி ஓட்டத்தையே நம்பியிருக்கிறார். அதன் தேவையான பகுதிகள் காலை 7 மணிக்குள் கிடைத்துவிடுகின்றன.

முன்னறிவிப்பின் முதல் 120 மணி நேரத்தில் ஒவ்வொரு மணிக்கும் ஒரு கோப்பு உண்டு. ஒவ்வொன்றும் ஏறத்தாழ 500 மெகாபைட். இவை ‘கிரிப்’ எனப்படும் உலக வானிலை அமைப்பின் பொது வடிவத்தில், நூற்றுக்கணக்கான தளங்களை ஒன்றன்பின் ஒன்றாக அடுக்கிய நிலையில் இருக்கின்றன. முழுக் கோப்பையும் இறக்குவது வீண்செலவு. ஒவ்வொரு கோப்புடனும் ஒரு சிறிய அட்டவணைக் கோப்பு வருகிறது. அதன் ஒவ்வொரு வரியிலும் வரிசை எண், அத்தளம் எந்தப் பைட்டில் தொடங்குகிறது என்ற எண், ஓட்டத்தின் நாளும் மணியும், மாறியின் குறுக்கப் பெயர், எந்த உயரத்துக்கு உரியது, எந்த மணிக்கு உரியது என்பவை வரிசையாக நிற்கின்றன. அந்த அட்டவணையைப் படித்து, மழைக்குரிய வரியின் தொடக்கப் பைட்டையும் அடுத்த வரியின் தொடக்கப் பைட்டையும் கண்டு, இடைப்பட்ட பகுதியை மட்டும் அனுப்புமாறு வழங்கியிடம் கேட்டால், பெருங்கோப்பிலிருந்து ஒரு மெகாபைட் அளவேயான துண்டு வந்து சேர்கிறது. அதிலிருந்து வட அட்சம் 2.5 முதல் 3.75 வரை, கிழக்குத் தீர்க்கம் 101 முதல் 102 வரையிலான செவ்வகத்தை வெட்டிக்கொண்டால், கிள்ளான் பள்ளத்தாக்கும் அதன் சுற்றுப்புறமும் முப்பது எண்களில் முடிந்துவிடுகின்றன.

அந்த எண்கள் எதைக் குறிக்கின்றன என்பதில்தான் புதியவர்கள் தடுமாறுகிறார்கள். ஜி.எஃப்.எஸ். மாதிரியில் மழையளவு ஆறு மணி நேரத் தொகுதிகளாகச் சேர்த்து வைக்கப்படுகிறது: ஏழாம் மணிக் கோப்பில் ஆறிலிருந்து ஏழு வரை பெய்த மழையும், பத்தாம் மணிக் கோப்பில் ஆறிலிருந்து பத்து வரை பெய்த மழையும், பன்னிரண்டாம் மணிக் கோப்பில் ஆறிலிருந்து பன்னிரண்டு வரை பெய்த மழையும் இருக்கும். காலை 8 மணி ஓட்டத்தில் மாலை 5 முதல் 6 வரையிலான மழை வேண்டுமென்றால், பத்தாம் மணிக் கோப்பின் எண்ணிலிருந்து ஒன்பதாம் மணிக் கோப்பின் எண்ணைக் கழிக்க வேண்டும். கழிக்காமல் எடுத்துக்கொண்டால், நான்கு மணி நேரத் தூறல் ஒரே மணி நேரக் கனமழையாகத் தோன்றும். ஐரோப்பிய நடுத்தரக்கால வானிலை முன்கணிப்பு மையத்தின் மாதிரியோ, ஓட்டம் தொடங்கியதிலிருந்து பெய்த மொத்த மழையை மீட்டரில் தருகிறது; மில்லிமீட்டராக்க ஆயிரத்தால் பெருக்க வேண்டும். அடுத்து விவரிக்கப்படும் டபிள்யூ.ஆர்.எஃப். என்ற வட்டார மாதிரியில் மழை இரண்டு பெயர்களில் பிரித்துச் சேர்க்கப்படுகிறது. இரண்டையும் கூட்டிய பின்னரே முந்தைய மணியின் கூட்டுத்தொகையைக் கழிக்க வேண்டும்.

உலகளாவிய மாதிரி காணாத நுட்பங்களைக் காண வட்டார மாதிரி உதவுகிறது. அமெரிக்க வளிமண்டல ஆய்வுத் தேசிய மையமும் பிற நிறுவனங்களும் சேர்ந்து உருவாக்கி, 2000-ஆம் ஆண்டு முதல் எவரும் எடுத்துப் பயன்படுத்தும்படி வழங்கிவரும் டபிள்யூ.ஆர்.எஃப். என்ற மாதிரி இவற்றுள் மிகப் பரவலானது. இது உலகளாவிய மாதிரியின் விடைகளைத் தொடக்க நிலையாகவும் எல்லை நிலையாகவும் எடுத்துக்கொள்கிறது. அதாவது, கணக்குத் தொடங்கும் வேளையில் வளிமண்டலம் இருந்த நிலையையும், வட்டாரத்தின் விளிம்புகளில் உள்ளே வரும் காற்றையும் பெரிய மாதிரி சொல்ல, உள்ளே நடப்பதை இது தானே கணக்கிடுகிறது. 27 கிலோமீட்டர்க் கட்டத்துக்குள் 9 கிலோமீட்டர், அதற்குள் 3 கிலோமீட்டர் என ஒன்றுக்குள் ஒன்றாகக் கட்டங்களை அடக்கிக்கொண்டே போவது வழக்கம். ஒரே பரப்பை எடுத்துக்கொண்டால், ஒவ்வொரு படியிலும் புள்ளிகள் ஒன்பது மடங்காகின்றன. கணக்கு முன்னேறும் நேர இடைவெளியும் மூன்றில் ஒன்றாகச் சுருங்க வேண்டியிருப்பதால், வேலை 27 மடங்காகிறது. அதனால்தான் நுணுக்கத்தை விரும்பியபடி கூட்டிக்கொண்டே போக முடிவதில்லை.

இச்செலவுக்கு ஈடாகக் கிடைப்பது மலையும் மேகமும். 28 கிலோமீட்டர்க் கட்டத்தில் 1,700 மீட்டருக்கும் மேலான கெந்திங் மலைமுகடுகள் சுற்றியுள்ள தாழ்நிலத்தோடு சராசரியாகிக் குன்றாகத் தேய்ந்துவிட, 3 கிலோமீட்டர்க் கட்டத்தில் கோம்பாக் பள்ளத்தாக்கும் உலு லங்காட் சரிவுகளும் தனித்தனியே தெரியத் தொடங்குகின்றன. மேகத்தைப் பொறுத்தவரை வேறுபாடு இன்னும் ஆழமானது. இடிமேகத்தின் அகலம் சில கிலோமீட்டர் மட்டுமே என்பதால், பெரிய கட்டங்களைக் கொண்ட மாதிரி அதை நேரடியாகக் காண இயலாது. ஈரமும் வெப்பமும் இன்ன அளவு இருந்தால் இன்ன அளவு மழை பெய்திருக்கும் என்ற மதிப்பீட்டு விதியால் அதை ஈடுசெய்கிறது. இத்தகைய விதிகள் வெப்பமண்டல நிலப்பரப்பில் மழையை நண்பகலை ஒட்டியே பெய்வித்துவிடும் இயல்புடையவை என்பது ஆய்வாளர்கள் நன்கறிந்த குறை. உண்மையில் இங்கே மழை மாலையில்தான் உச்சம் கொள்கிறது. கட்டம் ஏறத்தாழ 4 கிலோமீட்டருக்குக் கீழே வரும்போது, அந்த விதியை நீக்கிவிட்டு, மேலெழும் காற்றையும் அது உருவாக்கும் மேகத்தையும் மாதிரி தானே கணக்கிட அனுமதிக்கலாம். பிரிக்பீல்ட்ஸிலோ கிள்ளான் ஜாலான் தெங்கு கிளானாவிலோ தீபாவளிச் சந்தை நடத்துபவர்களுக்கு, மழை நண்பகலிலா மாலை 5 மணிக்கா என்பது ஒரு நாள் வணிகத்தின் கேள்வி. வட்டார மாதிரியின் பயன் அங்கே வெளிப்படையாகத் தெரிகிறது.

எனினும் நுண்ணிய படத்தைக் கண்டவுடன் அதை அப்படியே நம்பிவிடும் மயக்கம் இத்தொழிலின் பெரிய ஆபத்து. மூன்று கிலோமீட்டர் இடைவெளியில் புள்ளிகள் இருந்தாலும், மாதிரி உண்மையில் தெளிவாகப் பிரித்துக் காட்டக்கூடிய அளவு அதைப்போல் ஏறத்தாழ ஏழு மடங்கு, அதாவது 20 கிலோமீட்டர் அளவில்தான் இருக்கிறது. முதல் சில மணி நேரம் மாதிரி தன் மேகங்களை வளர்த்தெடுக்கவே செலவிடுவதால், அந்நேரத்து மழையை ஒதுக்கிவிடுவது நல்லது. மேலும், மாதிரி செராஸில் காட்டிய இடிமழை செந்தூலில் பெய்தால், புள்ளிக்குப் புள்ளி ஒப்பிடும் கணக்கில் அது இருமுறை தண்டிக்கப்படுகிறது: செராஸில் பெய்யாத மழையைச் சொன்னதற்கு ஒரு முறை, செந்தூலில் பெய்த மழையைச் சொல்லாததற்கு இன்னொரு முறை. மழையே இல்லை என்று சொன்ன மந்தமான மாதிரி ஒரே தண்டனையோடு தப்பிவிடுகிறது. இதைத் தவிர்க்க, ஒரு புள்ளியைச் சுற்றியுள்ள 15 அல்லது 20 கிலோமீட்டர்ப் பரப்பில் எத்தனை பங்கில் கனமழை காட்டப்பட்டிருக்கிறது, எத்தனை பங்கில் உண்மையில் பெய்தது என்று ஒப்பிடும் அண்டைப்பகுதி முறையை ஆய்வாளர்கள் வகுத்தார்கள். 2008-இல் ராபர்ட்ஸும் லீனும் வெளியிட்ட பங்களவுத் திறன் மதிப்பெண் இதில் நிலைபெற்ற அளவுகோல். இக்கட்டுரையாளரின் அனுபவமும் இதற்கு உடன்படுகிறது: ‘பிரிக்பீல்ட்ஸில் 5.20-க்கு மழை’ என்ற கூற்றுக்கு அடிப்படை இல்லை. ‘நகரின் மையப் பகுதியில் 4 மணிக்கும் 7 மணிக்கும் இடையில் கனமழைக்கான வாய்ப்பு மிகுதி’ என்ற கூற்றுக்கு அடிப்படை உண்டு. இரண்டாவது வாக்கியத்தைக் கேட்பவருக்கு முதலில் ஏமாற்றமாக இருந்தாலும், பல மாதம் பழகிய பின் அவர் அதையே கேட்டு வருகிறார்.

மாதிரியின் எண்ணை நிலத்தின் எண்ணோடு ஒப்பிடாமல் இத்தொழில் முழுமை பெறாது. வடிகால் நீர்ப்பாசனத் துறையின் தொலையளவி நிலையங்கள் மழையளவையும் ஆற்று மட்டத்தையும் பொதுமக்கள் காணும்படி தொடர்ந்து வெளியிடுகின்றன. அத்துறையின் வகைப்பாட்டில் மணிக்கு 30 மில்லிமீட்டருக்கு மேல் கனமழை, 60-க்கு மேல் மிகக் கனமழை. மலேசிய வானிலை ஆய்வுத் துறை, மணிக்கு 20 மில்லிமீட்டருக்கு மேற்பட்ட தீவிரத்துடன் இடிமழை நெருங்கும்போதோ, அது ஒரு மணி நேரத்துக்கு மேல் நீடிக்கும் என்று எதிர்பார்க்கும்போதோ, ஆறு மணி நேரத்துக்கு மிகாத குறுகியகால எச்சரிக்கையை வெளியிடுகிறது. இந்த எல்லைகளை அறிந்து, மாதிரி அதே எல்லைகளைக் கடக்கும் நாள்களையும் நிலையங்கள் கடக்கும் நாள்களையும் எதிரெதிரே வைத்துப் பதிவேடு ஒன்றைப் பேணிவந்தால், மாதிரி எந்தப் பருவத்தில் மிகைப்படுத்துகிறது, எந்தத் திசைக் காற்றில் தவறவிடுகிறது என்பது படிப்படியாகத் தெளிவாகும். விலைக்கு வாங்கக்கூடிய எந்த மென்பொருளும் இப்பதிவேட்டுக்கு ஈடாகாது.

2021 டிசம்பர் நிகழ்வு இவை அனைத்தையும் ஒருசேர நினைவூட்டுகிறது. தென்சீனக் கடலில் உருவான காற்றழுத்தத் தாழ்வு மண்டலம் தீபகற்பத்தின் கிழக்குக் கரையை அடைந்து உள்ளே நகர, டிசம்பர் 17, 18 தேதிகளில் கிள்ளான் பள்ளத்தாக்கில் இடைவிடாது மழை கொட்டியது. செந்தூலில் ஒரே நாளில் 363 மில்லிமீட்டர் பதிவானது. ஆண்டு முழுவதற்குமான கோலாலம்பூரின் மழையே ஏறத்தாழ 2,400 மில்லிமீட்டர் என்றால், ஒரு மாதத்துக்குரிய மழைக்கும் மேல் ஒரே நாளில் பெய்திருக்கிறது. டிசம்பர் 19 பௌர்ணமி என்பதால் கடல் பெருக்கும் அதே நாள்களில் உயர்ந்து நின்றது. ஆற்றுநீர் கடலுக்கு வடிவது தடைபட, ஷா ஆலாமின் தாமான் ஸ்ரீ மூடாவில் குடியிருப்பாளர்கள் கூரைகளிலும் மேல்மாடிகளிலும் காத்திருக்க நேர்ந்தது. இது சில கிலோமீட்டர் அகலமுள்ள இடிமேகத்தின் வேலையன்று. நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் பரந்த சுழலின் வேலை. இத்தகைய சுழலை உலகளாவிய மாதிரிகளே முன்கூட்டிக் காணக்கூடியவை. ஆனால் அந்தப் பெருமழை கிள்ளான் ஆற்றின் எந்தக் கிளையில் எத்தனை மணி நேரத்தில் எவ்வளவு சேரும் என்று கணக்கிட, நுண்ணிய வட்டார மாதிரியின் மழைத்தளம் ஆற்று மாதிரிக்கும் கடல் பெருக்கு அட்டவணைக்கும் எண்ணாகப் போய்ச் சேர வேண்டும். படமாகப் பார்க்கும் மழையை ஆற்று மாதிரிக்குள் செலுத்த முடியாது.

இங்கேதான் தரவு கிடைப்பது பற்றிய கேள்வி முதன்மை பெறுகிறது. மலேசிய அரசின் திறந்த தரவுத் தளம், வானிலை ஆய்வுத் துறையின் ஏழு நாள் முன்னறிவிப்பையும் எச்சரிக்கைகளையும் கணினி நேரடியாகப் படிக்கும் வடிவில் இலவசமாக வழங்குகிறது. மாநிலம், மாவட்டம், நகரம் என ஒவ்வோர் இடத்துக்கும் காலை, பிற்பகல், இரவு ஆகிய மூன்று பொழுதுகளுக்குரிய வாசகமும், குறைந்த, மிகுந்த வெப்பநிலைகளும் அதில் உள்ளன. பொதுமக்களுக்கான செயலிகளையும் தமிழ் அறிவிப்புகளையும் உருவாக்குவோருக்கு இது பெருங்கொடை. எனினும் அது வாசகமாகச் சுருக்கப்பட்ட முன்னறிவிப்பு. மணிவாரியான, புள்ளிவாரியான மாதிரி எண்கள் அச்சேவையில் இல்லை. அண்டை நாடான சிங்கப்பூர், பிரிட்டிஷ் வானிலை அலுவலகத்துடன் இணைந்து 1.5 கிலோமீட்டர் நுணுக்கமுள்ள ‘சிங்வி’ மாதிரியை உருவாக்கியிருக்கிறது. அமெரிக்கா தன் நிலப்பரப்புக்கு மணிக்கொரு முறை ஓடும் 3 கிலோமீட்டர் மாதிரியையும், ஜெர்மனி 2.2 கிலோமீட்டர் மாதிரியையும் கோப்புகளாகவே எவருக்கும் திறந்துவைத்திருக்கின்றன. ஐரோப்பிய மையம் 2022 முதல் படிப்படியாகத் தன் தரவைத் திறந்து, மூலத்தைக் குறிப்பிட்டால் போதும் என்ற நிபந்தனையோடு வழங்கிவருகிறது. 2021 அக்டோபரில் உலக வானிலை அமைப்பு ஏற்ற ஒருங்கிணைந்த தரவுக் கொள்கையின் போக்கும் இத்திசையிலேயே இருக்கிறது.

மலேசியாவில் வட்டார மாதிரியை ஓட்டத் தெரிந்தவர்களுக்குப் பஞ்சமில்லை. அவரவர் தனித்தனியே, ஒரே உலகளாவிய கோப்பை இறக்கி, ஒரே கணக்கைப் பல கணினிகளில் திரும்பத் திரும்பச் செய்வது மின்சாரத்துக்கும் உழைப்புக்கும் இழப்பு. வானிலை ஆய்வுத் துறை தன் மாதிரி விடைகளில் மழை, காற்று, வெப்பம் ஆகிய மூன்றின் மணிவாரிக் கோப்புகளையாவது திறந்த தரவுத் தளத்தில் சேர்த்தால், நகராண்மைக் கழகங்களும் பல்கலைக்கழகங்களும் ஆற்று மாதிரியாளர்களும் ஒரே அடித்தளத்தின்மீது வேலை செய்யலாம். அதிகாரப்பூர்வமான எச்சரிக்கை விடுக்கும் பொறுப்பு எப்போதும் துறையிடமே இருக்க வேண்டும். தரவு பொதுவாவதால் அப்பொறுப்பு சிறிதும் குறைவதில்லை. அதுவரை இத்தொழிலைக் கற்க விரும்பும் இளைஞர்கள், இன்று இலவசமாகக் கிடைக்கும் உலகளாவிய கோப்புகளிலிருந்தே தொடங்கலாம். தங்கள் ஊரின் மழைமானி நிலையம் ஒன்றைத் தேர்ந்தெடுத்து, மாதிரி சொன்னதையும் மானி அளந்ததையும் ஓராண்டு முழுவதும் நாள் தவறாமல் குறித்து வைப்பதே அதற்குரிய முதல் பாடம்.